இருபது பை சுத்தமான மண்

என்னைவிடப் புத்திசாலி இந்த மலைநாட்டிலேயே கிடையாது என்று நான் மனதார நம்பியிருந்த காலம் மொத்தம் ஒன்பது நாள். பத்தாம் நாள் காலை, ஒரு தோட்டமே கூடி நின்ற இடத்தில், கழுத்தில் மாலையோடு நான் நின்றபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. மாலை மட்டும் கழுத்திலேயே இருந்தது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சுற்றாடல் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கி, ஹட்டனில் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் வேலையாக முழங்கால்வரை வரும் பூட்ஸ் ஒரு சோடியும், பதினொரு பை வைத்த ஜாக்கெட் ஒன்றும் வாங்கினேன். (ஒரு பையில் பேனா, ஒன்றில் டொபி. மிச்சம் ஒன்பதில் வைப்பதற்கு விஞ்ஞானம் எனக்கு எதையும் கொடுக்கவில்லை.) அந்தக் கோலத்தில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டேன். “மீன் பிடிக்கப் போறியா?” என்று அப்பா கேட்டிருந்தார்.

அப்பாவின் அக்கா மருதாயி அத்தை, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நான் பொறுப்பெடுத்த முதல் வேலையும் அந்தத் தோட்டத்திலேயே வந்து வாய்த்தது. அங்கே மண்சரிவில் பிள்ளைக் காம்பராவின் சுவர் வெடித்துப்போயிருந்தது. (தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது.) குழந்தைகள் எல்லோரையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒழுகுகிற ஒரு காம்பராவுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். புதிதாகக் கட்டிக் கொடுக்க ஒரு கொடையாளி முன்வந்துவிட்டார். இடம்தான் இல்லை.

தேயிலை மலையில் சமதரை கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. அந்தத் தோட்டத்தில் மொத்தம் இரண்டே இரண்டு. ஒன்று, தோட்டத்து மேனேஜரான தொரையின் பங்களாவில் இருக்கும் டென்னிஸ் கோர்ட்டு. அதில் கடைசியாக யார் பந்து அடித்தார்கள் என்று உயிரோடு இருக்கிற யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மற்றது பழைய குப்பைமேடு. பல வருடமாக டவுன் குப்பையைக் கொட்டி, பிறகு நிரவி, மேலே பெயருக்குக் கொஞ்சம் செம்மண் தூவி விட்டிருந்தார்கள். புல்லும் முளைத்து, பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது.

“மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுவோம்” என்றார் கொடையாளி. நல்ல மனிதர். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். கெட்டது கெட்டதுதான், மருந்து கொடுத்துத் திருப்பி எடுக்க முடியாது. தவழுகிற பிள்ளைக்குத் தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குள் போகும். அதிலும் ராசாத்தி அக்காவின் மகள் சஷ்மிதா இருக்கிறாளே, ஒன்றரை வயது, சோறு ஊட்டினால் துப்புவாள், மண்ணைக் கண்டால் அள்ளி அள்ளித் தின்பாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க மிஸ்,” என்றார் ராசாத்தி அக்கா. “அங்க கட்டுனா, செவரு எழும்புறதுக்குள்ள இவ பாதித் தரைய தின்னுபுடுவா.”

“நீங்க கவலையே படாதீங்க” என்றேன் நான். ஜாக்கெட்டின் பைகளில் ஒன்றைத் தட்டிக்கொண்டே சொன்னதாக ஞாபகம்.

எங்கள் அமைப்பின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் புறப்பட்ட அன்று மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: “பிள்ளை, மண் அள்ளேக்க தோண்டுற ஒவ்வொரு கிடங்குக்குப் பக்கத்திலயும் நீரும் போய் நிக்கவேணும். ஆக்களை அனுப்பிப்போட்டு மேல நிண்டு பாக்கிற வேலை வேண்டாம்.”

“ஓம் சேர்.”

“ஓம் எண்டு சொல்லுறது சுகம்” என்று சொல்லிவிட்டுத் தன் கோப்புக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குப்பைமேட்டுக்கு இருபது பெண்கள் உதவிக்கு வந்தார்கள். நான் முதல்நாளே குச்சி நட்டு, கயிறு கட்டி, நிலத்தை இருபது வரிசையாகப் பிரித்திருந்தேன். அத்தை கயிற்றைக் காலால் தாண்டிக்கொண்டே வந்தார். “இது எதுக்கு மருமகளே? நிரை புடிச்சு நிக்க எங்களுக்கா கயிறு கட்டிக் காட்டுற?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, அதாவது தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. ஆனால் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எனவே நான் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன்.

ஒரு நிரையில் மூன்று இடத்தில், நாலு விரல் ஆழத்துக்கு மண் எடுக்க வேண்டும். மூன்றையும் கலந்து அரைக் கிலோ பையில் போட வேண்டும். கையுறை போட வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் மிடுக்காக முடிக்க வேண்டும்போல் இருந்தது. “இதெல்லாம் கொழும்பு லேபுக்குப் போகுது. அங்க ஒவ்வொரு பையையும் திறந்து சோதிப்பாங்க. சரியில்லாட்டி ரிஜெக்ட் பண்ணிடுவாங்க!” என்றேன்.

பை கிழிந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் சொன்ன தோரணையில் கொழும்பே கோபமாக உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. சொல்லிவிட்டு, கொக்கித் தராசை எடுத்து ஒரு சவுக்குமரக் கிளையில் தொங்கவிட்டேன். அதைக் கண்டதும் இருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னுடைய ஆளுமைதான் காரணம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சேர் சொன்னது ஞாபகம் இருந்தது. நானும் இறங்கத்தான் செய்தேன். இரண்டாம் நிரைவரை போனேன். அங்கே என் பூட்ஸ், முழங்கால்வரை வரும் அதே பூட்ஸ், முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. காலை உருவினேன், பூட்ஸ் வரவில்லை. பூட்ஸைப் பிடுங்கினேன், உள்ளே ஏற்கெனவே ஒரு அட்டை குடியேறியிருந்தது. நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடிவந்து, அட்டையை இரண்டு விரலால் எடுத்து எறிந்துவிட்டு, “நீ மேல போய் இரு ஆத்தா. வெத்துக் கால்ல நிக்காத. நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

நான் மேலே போய் இருந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தேன். கீழே பனிக்குள்ளிருந்து அவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. மண் அள்ள இவ்வளவு நேரமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. லேபல் எழுதினேன். என் எழுத்து அழகாக இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முதல் பையைக் கொக்கியில் மாட்டினேன். முள் அரைக் கிலோவில் நின்றது. இரண்டாவதும் அரைக் கிலோ. ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது, எல்லாமே அரைக் கிலோ. கீழே அவர்களிடம் தராசு கிடையாது. எனக்குப் புல்லரித்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, கை மயிர் எழுந்து நின்றது.

“எப்படி அத்தை?”

“கூடையில எத்தினி கிலோ இருக்குன்னு தெரியாம மடுவத்துக்குப் போனா நம்ம பாடு அம்புட்டுதான். அங்க தராசு எப்பவும் நம்ம பக்கம் சாயாது. அதுனால கையே தராசு” என்றார். மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை.

பையைத் திறந்து பார்த்தேன். அடடா! சலித்து எடுத்த கோதுமை மா போலப் பொலபொலவென்று, ஒரே நிறத்தில் செம்மண். ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. பல்கலைக்கழகத்தில்கூட இப்படி ஒரு மாதிரியை நான் பார்த்ததில்லை. பையைக் கன்னத்தோடு வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். (அந்தப் படத்தை அழித்துவிட்டேன். தம்பியிடம் இன்னும் இருக்கிறது.) போகும்போது ராசாத்தி அக்கா இருபது சோடிக் கையுறையையும் மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். “இதப் போட்டுக்கிட்டா வெரலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது மிஸ். புதுசாவே இருக்கு, வச்சுக்கங்க.” அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் லேப் அறிக்கை வந்தது. இருபது பையிலும் ஈயம் சொல்லும்படியாக இல்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

“பிள்ளை, இது குப்பைமேட்டு மண்தானே? என்ர வீட்டு முத்தத்து மண்ணே இவ்வளவு வடிவா இராது.”

“தேங்க்யூ சேர்” என்றேன் நான்.

மறுநாள் காலை, பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்த கையோடு, தோட்டமே குப்பைமேட்டுக்கு வந்துவிட்டது. தொரை வந்திருந்தார். சேர் வந்திருந்தார். அடிக்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. என் கழுத்தில் மாலை விழுந்தது. முன்வரிசையில் தரையிலேயே உட்கார்ந்திருந்த சஷ்மிதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அறிக்கையை உயர்த்திப் பிடித்து, “இந்த மண் சுத்தமான மண்!” என்றேன். ஒரே கைதட்டல். அதோடு இறங்கியிருக்கலாம். “இந்த வெற்றிக்கு நான் மட்டும் காரணம் இல்லை” என்று பெருந்தன்மையாக ஆரம்பித்து, இருபது பேரின் பெயரையும் வாசித்து, அத்தையை இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“எம் மருமக படிச்ச புள்ளைங்க. கொழும்புல ரிஜெக்ட் பண்ணிட்டா இதுக்கு வேல போயிருமேன்னு, நாங்க ஒரு பைகூட ஏனோதானோன்னு குடுக்கல. இடுப்புல கட்டுற சாக்குப் படங்க அவுத்து விரிச்சு, மண்ணக் கொட்டி, கொழுந்துல முத்தின எலையப் பொறுக்குற மாதிரி பொறுக்குனோங்க. கருப்பு மண்ணு, சாம்பலு, கட்டி முட்டி, தகரத் துண்டு, அம்புட்டையும் கழிச்சுப்புட்டு, நல்ல மண்ணா பாத்து நெரப்பிக் குடுத்தோம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் அந்த வார்த்தைகள் என் காதுக்குள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது தட்டுக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

கல்லும் வேரும் போனால் போகட்டும், அதைச் சலிக்க லேபிலேயே சல்லடை இருக்கிறது. ஆனால் அந்தக் கருப்பு மண்ணையும் சாம்பலையும் கட்டியையும் தேடித்தானே இவ்வளவு பாடு! குப்பைமேட்டிலிருந்து குப்பையைக் கழித்துவிட்டு, மேலே தூவிய செம்மண்ணைக் கொழும்புக்கு அனுப்பி, சுத்தம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண் நான். முத்தின இலை இருந்தால் மடுவத்தில் நிறையைக் குறைப்பார்கள் என்று பேச்சுப் பழகியபோதே தெரியும். தராசைத் தொங்கவிட்டு, ரிஜெக்ட் என்றும் சொன்னால் இவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

முதலில் விளங்கிக்கொண்டது ராசாத்தி அக்காதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் சஷ்மிதாவைத் தூக்கினார். வாய்க்குள் விரலை விட்டார். உள்ளே மண் இருந்தது.

தொரைக்கு அடிக்கல் வைக்க நேரம் போய்க்கொண்டிருந்தது. “ரிப்போட் சுத்தம்னு வந்திருக்குதானே? வேற என்ன வேணும்? கல்லு வைப்பம்” என்றார். சேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்து என்னுடையது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் மாலையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் ராசாத்தி அக்கா பிள்ளையின் நாக்கைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ரிப்போர்ட் பிழை” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “இவங்க மேல தப்பில்ல. நான் கூட நிக்கல. மேல உட்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன்.”

அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதேன். மூக்கு ஒழுக, மாலை நனைய, அசிங்கமாக அழுதேன். அத்தைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை, “நல்ல மண்ணுதானே குடுத்தோம்?” என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டார். சேர் மெதுவாக அவரிடம் வந்தார். “அம்மா, கழிச்ச மண்ணை எல்லாம் எங்க போட்டனீங்கள்?”

“எங்கயும் போடலீங்களே. அந்தந்த நிரைத் தலையிலயே இருக்கு.”

ஒன்பது நாள் மழைக்குப் பிறகா? நான் நம்பவில்லை. அத்தை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒவ்வொரு நிரையின் தலைப்பிலும் ஒரு சிறு குவியல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய தகரமோ, தட்டைக் கல்லோ மூடியிருந்தது. இருபது நிரை, இருபது குவியல், ஒன்றோடு ஒன்று கலக்காமல்! “கழிச்சதக் காட்டாட்டி, கொழுந்தையே ஒளிச்சு வச்சிருக்கோம்னு கணக்கப்புள்ள சண்டைக்கு வருவாரு. அதுனால கேக்கட்டும்னு வச்சுட்டுத்தான் வருவோம்” என்றார். இவ்வளவு ஒழுங்கை எனக்கு நாலு வருடம் படித்தும் யாரும் சொல்லித் தரவில்லை. என் அழுகைகூட நின்றுவிட்டது.

ராசாத்தி அக்கா பிள்ளையைப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒரு குவியலுக்கு முன்னால் குந்தினார். “இது என் நிரை மிஸ், பதினாலு. அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. இந்தாங்க.” சாம்பல் நிறத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. “கல்லுன்னு நெனச்சேன். கல்லு இந்தக் கனம் கனக்காது.”

கையுறை போட்டுக்கொண்டு வாங்கினேன். கை சட்டென்று கீழே இறங்கியது. அவ்வளவு சின்னப் பொருளில் அவ்வளவு கனம். நான் கொழும்புக்கு அனுப்பி, ஒன்பது நாள் காத்திருந்து, கிடைக்காமல் போன பதிலை இந்தப் பெண் ஒரு நிமிடத்தில் இரண்டு விரலால் கண்டுபிடித்து, வேண்டாம் என்று கழித்தும் வைத்திருந்தார்.

“அந்த எடத்துலதான் முந்தி பழைய லொறி பேட்டரி எல்லாம் கொண்டாந்து ஒடைப்பானுங்க” என்றார் அத்தை.

சேர் என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, மண் அள்ள முதல் இவையிட்ட ஒரு வார்த்தை கேட்டனீரோ?”

“இல்ல சேர்.”

அன்றைக்கே மறுபடியும் அள்ளினோம். கழித்த குவியல்களைத் தனியாக இருபது பையில் எடுத்தோம். ஒவ்வொரு நிரையிலும் புதிதாக, எதையும் கழிக்காமல், இன்னொரு இருபது பை. இந்தத் தடவை எல்லோர் கையிலும் கையுறை. நான் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். அட்டை கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டேன். நல்ல மண்ணோடு அழுக்கையும் சேர்த்துப் போடச் சொன்னால் அவர்களுக்குக் கையே வரவில்லை. “இப்படியா குடுக்கிறது? பாக்கவே கூச்சமா இருக்கே” என்று ஒவ்வொரு பைக்கும் அத்தை புலம்பினார். முடிந்ததும் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் சவுக்காரம் போட்டு எல்லோரும் முழங்கைவரை கழுவினோம். அதற்குள் அடிக்கல்லின் குங்குமம் மழையில் கரைந்துபோயிருந்தது.

இரண்டாவது அறிக்கை வந்த அன்று சேர் அதை என்னிடமே வாசிக்கக் கொடுத்தார். ஐந்து நிரையில் ஈயம் அளவுக்கு மேலே இருந்தது. பதினாலாம் நிரையில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அந்த இடத்தில்தான் தொட்டில்கள் கட்டுவதாக இருந்தது. சஷ்மிதாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்த்தோம். பயப்பட ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லும்வரை நான் ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை.

தொரை கூட்டம் கூட்டி, கைகளை விரித்தார். “நான் என்ன செய்றது? தோட்டத்தில வேற சமதரை இல்லையே.”

அப்போது பின்வரிசையிலிருந்து ராசாத்தி அக்கா, பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “இன்னொண்ணு இருக்குங்களே தொர. பங்களாவுல, வலை கட்டியிருக்கே, அந்த எடம்.”

தொரை சேரைப் பார்த்தார். சேர் அறிக்கையைப் பார்த்தார். “அங்கயும் மண் எடுத்துப் பாக்கலாம். ஆக்கள் தயார்தானே” என்றார் சேர், ஒரு சிரிப்பும் இல்லாமல். இருபது பேரும் தலையாட்டினார்கள்.

இன்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா டென்னிஸ் கோர்ட்டில் இருக்கிறது. தரையில் வெள்ளைக் கோடுகூட ஒரு மூலையில் அழியாமல் தெரியும். சஷ்மிதா அந்த மண்ணையும் கொஞ்சக் காலம் தின்றாள். அதில் ஈயம் இல்லை, இருபது பை அள்ளிப் பார்த்துவிட்டோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்கிறாள். பழைய குப்பைமேட்டைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது.

என் பாடுதான் இன்னும் தீரவில்லை. வீட்டில் யாராவது அரிசியில் கல் பொறுக்கினால், “இரு, கல்ல வீசிராத, லேபுக்கு வேணும்” என்று அப்பா குரல் கொடுப்பார். கீரை ஆய்ந்தால், “ரிஜெக்ட் ஆயிரப் போகுது!” என்பான் தம்பி. போன வருடம் என் கல்யாணத்துக்கு, சமையலுக்கான அரிசி முழுவதையும் அத்தையும் தோழிகளும்தான் புடைத்துப் பொறுக்கிக் கொடுத்தார்கள். தாலி கட்டி முடிந்து, ஊரே வரிசையில் நின்று பரிசு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை மேடையேறி ஒரு சின்னப் பையை என் கையில் வைத்தார். பழைய மாதிரிப் பை. மேலே ராசாத்தி அக்காவின் கையெழுத்தில் என் பெயர், தேதி, ‘கழிச்சது’ என்று ஒரு லேபல். உள்ளே கல்லும் உமியும்.

“நூத்தம்பது கிராம் இருக்கும் மருமகளே. இந்தத் தடவ நீயே நின்னு நிறுத்துக்க” என்றார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் முதல் வேலையாக நிறுத்துப் பார்த்தேன். நூற்றைம்பதுதான்.